மகளின் ஊசி யார் கையில்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 8 வயதில் முதலாம் வகை நீரிழிவு என்று கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து சிறுவர் கிளினிக்கில் காட்டி வருகிறோம். கொப்பியை வைத்திருப்பது, வைத்தியருக்குப் பதில் சொல்வது, ஊசி போடுவது எல்லாம் நான்தான். அடுத்த வருடம் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற வேண்டும் என்கிறார்கள். நாளைக்குக் கலியாணம் பேச வேண்டிய பிள்ளை என்பதால் பாடசாலையிலும் யாருக்கும் சொல்லவில்லை. அவளை எப்படி ஆயத்தப்படுத்துவது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: கிளினிக் மாற ஒரு வருடம் இருக்கிறது, ஊசி கை மாறுவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க, மகளே மருந்தை எடுக்கட்டும். கலங்கல் இன்சுலின் என்றால் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டவும், ஊசிக்குழாயில் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும், குப்பியில் எழுதியுள்ள செறிவுக்கு உரிய ஊசிக்குழாய்தானா என்று ஒப்பிடவும் அவள் பழக வேண்டும். முதல் நாட்களில் கை நடுங்கினால் நடுங்கட்டும்; ஊசியைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.

அடுத்த கிளினிக்கில் முதல் பத்து நிமிடமாவது அவள் தனியே வைத்தியரோடு பேச இடம் கேளுங்கள். தனக்கு இருப்பது முதலாம் வகை, எந்த இன்சுலினை எத்தனை அலகு எப்போது போடுகிறாள், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக எவ்வளவு என்பவற்றைக் கொப்பியைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களின் கிளினிக்கில் வரிசையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள். குளிசையோடு காலம் தள்ளுபவர்கள் பலர். பக்கத்தில் இருக்கும் ஆச்சி, "குறிஞ்சா இலை சாப்பிடு பிள்ளை, ஊசி வேண்டாம்" என்று பாசத்தோடு சொல்லக்கூடும். தன் உடல் இன்சுலினைச் சுரப்பதில்லை, இலையோ குளிசையோ அதற்கு ஈடாகாது, காய்ச்சலிலும் வாந்தியிலும்கூட இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது என்பது அவளுக்கே உறுதியாகத் தெரிந்திருந்தால்தான் அங்கே தடுமாறமாட்டாள்.

பலர் மருத்துவக் கவனிப்பிலிருந்து நழுவிப்போவது இரண்டு கிளினிக்குகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான். ஆகவே புதிய கிளினிக்கின் முதல் திகதியைக் கையில் எடுத்துக்கொண்டே பழையதிலிருந்து விடைபெறுங்கள். நோய் கண்ட காலம், இப்போதைய அளவுகள், வார்டில் நின்ற விபரம், கண், சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள் அடங்கிய கடிதம் ஒன்றையும் குழந்தை வைத்திய நிபுணரிடம் கேட்டு வாங்குங்கள்.

பாடசாலையில் மறைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ரியூசன் முடிந்து வெயிலில் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அவளே செய்ய முடியாத நிலை வந்தால் செய்ய, வகுப்பாசிரியருக்கும் ஒரு தோழிக்குமாவது விடயம் தெரிந்திருக்க வேண்டும். நினைவு தவறிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்க வேண்டும். கலியாணம் பேசும் காலம் வரும்போது எதை, யாரிடம் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

நம் பக்கத்து வெயிலையும் மறக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், இரண்டு மண்பானைகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து, இடையில் மணல் நிரப்பி நனைத்து, உள்பானையில் குப்பியை ஈரம் படாமல் மூடி வையுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் வேலையையும் மகளிடமே கொடுங்கள். முதல் முறை புதிய கிளினிக்குக்கு நீங்களும் கூடவே போகலாம். வைத்தியர் கேள்வி கேட்டு முதல் பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.