ஸ்தவாங்கர் – பேர்கன்: 35 நிமிடம் என்பது எந்தக் கணக்கு?

தம்பி, உங்களுக்கு நோர்வே மேற்குக்கரையில் ஸ்தவாங்கரில் வேலை, மனைவிக்கு அதே கரையில் வடக்கே பேர்கனில் படிப்பு, விமானம் 35 நிமிடம்தானாம், வெள்ளிக்கிழமை வேலை முடிய ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம். ஆனால் அந்த 35 நிமிடத்தை நம்பி மனைவியைச் சோறு போட்டு வைக்கச் சொல்லாதீர்கள்.

ஸ்தவாங்கரின் சோலா விமான நிலையத்திலிருந்து பேர்கனின் ஃப்ளெஸ்லாண்ட் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மேலே ஏறி முடியவே இறங்கத் தொடங்கிவிடும். வானம் வெளித்திருந்தால் வலப்பக்க யன்னலில் இருங்கள், ஃபொல்கெஃபொன்னா பனிப்பாளம் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரித் தெரியும்.

சரி, மிச்ச நேரம் எங்கே போகிறது? நகரத்திலிருந்து சோலாவுக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம், அங்கே ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிற்க வேண்டும், இறங்கினபிறகு பேர்கன் நகரத்துக்கு டிராமில் 45 நிமிடம், அது ஒவ்வொரு தரிப்பிலும் நின்றுதான் போகும். வீட்டுக்கதவிலிருந்து வீட்டுக்கதவுக்கு மூன்று மணித்தியாலம் என்று வையுங்கள்.

ரெயிலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு ஊருக்கும் நேர்ப்பாதை கிடையாது, ஒஸ்லோ போய்ச் சுற்றி வரவேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். தரைவழி என்றால் E39 நெடுஞ்சாலை பஸ்தான். இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஆனால் ஐந்து மணித்தியாலம் எடுக்கும், ஏனென்றால் நடுவில் இரண்டு இடத்தில் கடல். காரைநகர் – ஊர்காவற்றுறைப் பாதை, அந்த மிதவைப் படகு, ஞாபகமிருக்கிறதா, அதே வேலைதான், பஸ்ஸோடு சேர்த்து ஏற்றி அக்கரையில் விடும், என்ன, இது பெரிய கப்பல், மேலே கோப்பியும் ‘ஸ்வேல’ என்ற தடித்த அப்பமும் விற்பார்கள். தெற்குப் பக்கத்துக் கடலுக்குக் கீழே சுமார் 27 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுகிறார்கள், 2033 அளவில் திறக்கும் என்கிறார்கள். அதுவரைக்கும் கப்பல்தான்.

நானும் இரண்டு வருடம் இப்படி ஓடினவன். ஒரு நவம்பர் ஞாயிறு, கடைசி விமானத்துக்கு ரிக்கெற் எடுத்துவிட்டுப் போய் இருக்கிறேன், பனிப்புகார் இறங்கி ஓடுபாதை விளக்குக்கூடத் தெரியவில்லை, ஒன்பது மணிக்கு ரத்து என்று பலகையில் விழுந்தது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வேலை. கதிரையில் இருந்து, மனைவி கட்டித்தந்த இடியப்பத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேற்குக்கரை ஆட்களுக்கு இது புதிதில்லை. நமக்குத்தான் வெட்கம்.

அதனால் வெள்ளி போகும்போது விமானம், முன்கூட்டியே எடுத்தால் விலையும் தாங்கும். ஞாயிறு திரும்பும்போது மத்தியான பஸ்ஸைப் பிடியுங்கள், அல்லது கடைசிக்கு முந்தின விமானம். நான் பஸ்தான் சொல்வேன். கைப்பையில் மீன்குழம்பு கொண்டுபோனால் விமான நிலையச் சோதனையில் திரவம் எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற கதை தொடங்கும். பஸ்ஸில் ஒரு கிழமைக்கான கறியையும் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், மூடியை மட்டும் இறுக்கிப் பூட்டுங்கள், கப்பல் ஆடும்.