ஒரே லென்ஸ் போதுமா?

கேள்வி: நிக்கான் டி5600 கேமராவை அதனுடன் வந்த 18-55 லென்ஸோடு பயன்படுத்தி வருகிறேன். சாரல் காலத்துக் குற்றாலம், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்கள், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தில் செல்லும் ரயில், எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை ஆகிய எல்லாவற்றையும் எடுக்க ஒரே லென்ஸ் வேண்டும். டாம்ரான் 18-400 வாங்கலாமா?
– வாசகர், புளியரை

பதில்: உங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. லென்ஸின் பெயரிலுள்ள எண்கள் மி.மீ. கணக்கில் அதன் குவியத் தூரத்தைக் குறிப்பவை; எண் கூடக்கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும். பகல் வெளிச்சத்தில் பறவைகளை எடுப்பவருக்கு 18-400 பெரிதும் உதவும். ஆனால், நீங்கள் சொன்ன நான்கு இடங்களிலும் தொலைவை விட வெளிச்சக் குறைவே சிக்கல். ஜூமை முழுதும் நீட்டும்போது அந்த லென்ஸின் துவாரம் எஃப்/6.3 ஆகச் (எஃப் எண் பெரிதானால் துவாரம் சிறிது, வெளிச்சமும் குறைவு) சுருங்கிவிடுவதால், சாரல் மூட்டத்தில் ஓடும் ரயிலைக் கலங்காமல் எடுக்க ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, மிகவும் ஏற்ற நேரும். படமெங்கும் புள்ளி தட்டிவிடும். தவிர, அதன் எடை 700 கிராமுக்கு மேல். உங்கள் கேமராவோ பேட்டரியோடு சேர்த்தே 465 கிராம்தான்.

நிக்கானின் 18-140 லென்ஸையே பரிந்துரைக்கிறேன். எடை 490 கிராம். பாலத்தையும் அதன்மேல் வரும் பெட்டிகளையும் சாலையிலிருந்தே ஒருசேர அடக்க 18 மி.மீ. உதவும், வரப்பில் நின்றபடி ஒரு பூவை மட்டும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட 140 மி.மீ. போதும். வாங்குமுன், இதுவரை எடுத்த படங்களின் விவரத்தைக் கணினியில் திறந்து, எந்த மி.மீ. அளவில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவை 18-லேயே இருந்தால் நீண்ட ஜூம் எதுவும் உங்களுக்குப் பயன்படாது. அப்போது இன்னும் அகன்ற காட்சியை அடக்கும் நிக்கானின் 10-20 லென்ஸைப் பற்றி யோசிப்பதே முறை.

அருவிக்குச் செல்லும்போது முக்காலியும், 18-140 லென்ஸின் முன்புறத்தில் பொருந்தும் 67 மி.மீ. விட்டமுள்ள போலரைசர் ஃபில்டரும் கட்டாயம் தேவை. நனைந்த பாறையின் பளபளப்பை ஃபில்டர் குறைத்துவிடுவதால் பாசியின் பச்சை அப்படியே கிடைக்கும். ஷட்டர் வேகத்தை அரை விநாடி அளவில் வைத்தால் நீர் பட்டுப்போல் விழும். முக்காலியில் பொருத்தியதும் லென்ஸின் நடுக்கத் தடுப்பை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் மூடியைப் போட்டுவிடுங்கள். கண்ணாடியில் தெறித்த துளியைத் தோள் துண்டால் துடைக்கவே கூடாது. முதலில் ஊதுகுழலால் தூசியை அகற்றி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கொடை விஷயத்தில்தான் உங்கள் 'ஒரே லென்ஸ்' எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சாமியாடியின் அசைவை நடுக்கத் தடுப்பால் நிறுத்த முடியாது. அது சமாளிப்பது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்க, நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பின்னாளிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். 18-140 லென்ஸை முழுதும் நீட்டும்போது கிடைக்கும் எஃப்/5.6-ஐ விட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் அதன் வழியே வரும் என்பதால், ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 640 அளவே போதுமானதாகும். பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், அவற்றைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: உங்கள் பகுதியின் ஈரக்காற்றில் முதல் எதிரி பூஞ்சைதான். லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்புறமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி இழை போன்ற கோடுகள் உள்ளே தென்பட்டால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸைத் தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.