கணினி கேள்வி – பதில்: காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் உரிமம் கேட்கிறதே?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்துக்குப் புதிய மடிக்கணினி வாங்கி, ஆபீஸ் 2021-ஐயும் தனியாக விலை கொடுத்து வாங்கி நிறுவினோம். ஒரு மாதம் நன்றாக ஓடியது. இப்போது எக்செலைத் திறந்தால் ‘அன்லைசென்ஸ்டு பிராடக்ட்’ (உரிமமில்லாத மென்பொருள்) என்று வருகிறது. ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. ஆபீஸோடு தந்த 25 எழுத்து உரிமச் சாவியை மீண்டும் இட்டால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்கிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் ஏமாந்ததாகத் தெரியவில்லை. ‘ஒரு மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஆபீஸான மைக்ரோசாஃப்ட் 365-இன் ஒரு மாதச் சோதனைப் பதிப்பு முன்பே நிறுவப்பட்டு வருகிறது. அதை நீக்காமல் 2021-ஐ நிறுவியிருந்தால், இத்தனை நாளும் நீங்கள் அந்தச் சோதனைப் பதிப்பிலேயே வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம்; தவணை முடிந்ததும் அது திருத்தும் வசதியை நிறுத்திவிட்டது. கோப்பைப் பார்க்கவும் அச்சிடவும் இப்போதும் விடும் என்பதால், உங்கள் கணக்குகள் அழிந்துவிட்டன என்று அஞ்ச வேண்டாம்.

எக்செலில் ஃபைல் மெனுவுக்குள் அக்கவுன்ட் பகுதியைத் திறந்து, அங்கே எந்தப் பதிப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்றிருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று அதை மட்டும் நீக்கிவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடிகாரம் பிசகினாலும் உரிமச் சரிபார்ப்பு தோற்கும்.

சாவி மறுக்கப்படுவதில் வியப்பில்லை. அதை ஒருமுறைதான் பதிய முடியும். பதிந்த நொடியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தீர்களோ, அந்தக் கணக்கோடு உரிமம் இணைந்துவிடுகிறது. அதன்பின் தேவைப்படுவது சாவியல்ல, அந்தக் கணக்குதான். சிறு அலுவலகங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே: நிறுவித் தந்த கடைக்காரரின் மின்னஞ்சலிலோ, வேலையை விட்டுப் போன ஊழியரின் மின்னஞ்சலிலோ உரிமம் கிடக்கும். யார் பதிந்தார்கள் என்பதை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றே விசாரியுங்கள். கணக்கு கிடைத்ததும் அதில் நுழைந்தால் 2021 செயல்பட்டுவிடும். அடுத்த மென்பொருளை வாங்கும்போது, அலுவலகத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதில் பதிந்துகொள்ளுங்கள்.

அவசரத்தில் யாராவது, உரிமம் இல்லாமலே ஆபீஸை இயங்கவைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ நிரலைப் போட்டுத் தருகிறேன் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் அந்த நிரல்களோடு தீநிரல்களும் சேர்ந்து வருவதுண்டு. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் உங்கள் கணினியில்தானே இருக்கின்றன.