கனடாவில் இருந்து வந்த பொப்பி விதை: வளவில் நடலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். கனடாவில் உள்ள தங்கச்சி மூன்று பைக்கற் பொப்பி விதை அனுப்பினாள். சாடிகளில் போட்டேன், இப்போது கன்றாகி நிற்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணை "இது அபின் செடி, பொலிஸ் பிடிக்கும்" என்கிறார். நான் பூவுக்காகத்தானே வளர்க்கிறேன்?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பைக்கற்றுகளைத் தேடி எடுங்கள். உங்கள் வழக்கே அதில் அச்சடித்த தாவரப் பெயரில்தான் இருக்கிறது.

பொப்பி என்பது ஒரே செடியல்ல. நவம்பர் 11இல் கனடாக்காரர் சட்டையில் குத்தும் சிவப்புப் பூ பப்பாவர் ரோயஸ். செம்மஞ்சள் நிறக் கலிபோர்னியா பொப்பி வேறு பேரினம். இரண்டிலும் அபின் எடுப்பதில்லை. அபின் தருவது பப்பாவர் சொம்னிபெரம். ஆபத்து என்னவென்றால், அதே செடியின் விதையை 'பியோனி பொப்பி', 'பிரெட்சீட் பொப்பி' என்ற அழகான பெயர்களில் விற்கிறார்கள். கனடாச் சட்டம் அந்த விதைக்கு விலக்குக் கொடுத்திருப்பதால் உங்கள் தங்கச்சி கடையில் சாதாரணமாக வாங்கியிருப்பார். அந்த விலக்கு கடல் தாண்டி வராது.

இங்கே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபின் செடியை நடுவதும் வைத்திருப்பதும் குற்றம். பூவுக்காக வளர்த்தேன் என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது உதவலாம், செடியைச் சட்டபூர்வமாக்காது.

பைக்கற்றைக் காணவில்லையா? இலையைப் பாருங்கள். சொம்னிபெரத்தின் இலை நீலம் கலந்த சாம்பல் பச்சை, வழுவழுப்பானது, தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும். ரோயஸின் இலையும் தண்டும் மயிர் மயிராக இருக்கும். கன்றில் பிரித்தறிவது கடினம். பெயர் சொம்னிபெரம் என்றாலோ சந்தேகம் என்றாலோ இன்றைக்கே பிடுங்கி அழித்துவிடுங்கள். மிச்ச விதையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ரோயஸ்தான் என்றால் பைக்கற்றைப் பத்திரமாக வையுங்கள். பொலிஸ்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்று நம்பியிருக்க முடியாது. உண்மையைச் சொன்னால், எங்கள் வெயிலுக்கு நிற்காத குளிர்நாட்டுப் பூவுக்காக இவ்வளவு மன உளைச்சல் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று: வெளிநாட்டு விதைகள் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்டவை. இனிப் பார்சலில் விதை வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். கசகசா என்றால் பொப்பி விதைதானே என்று, ஃபலூடாவில் போடுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்; இலங்கையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் திருநீற்றுப்பச்சிலை விதைதான்.

பொலிஸ் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் மட்டும் எதையும் பிடுங்காதீர்கள். அது தடயத்தை அழித்ததாகிவிடும். உடனே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வாக்குமூலம் கேட்டால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வாசித்து விளங்காத தாளில், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கையெழுத்து வைக்க வேண்டாம்.