தெருவில் மழைத்தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பேரூரில் இருக்கிறோம். ஒரு மணி நேரம் மழை அடித்தாலே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வடிய இரண்டு நாள் ஆகிறது. மனு கொடுத்தால் புதுச் சாக்கடைக்கு நிதி இல்லை என்கிறார்கள். குடியிருப்பவர்கள் நாங்களாக என்ன செய்ய முடியும்?

பதில்:

எங்கள் ஊரும் காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தூரம்தான். ஐப்பசி பிறந்தாலே வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்குவது, ஸ்கூட்டரைப் பெரிய தெருவில் கொண்டுபோய் நிறுத்துவது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி வேன் வரை நடப்பது என்று நான்கைந்து வருடம் அனுபவித்திருக்கிறோம். நாங்களும் முதலில் கேட்டது பெரிய சாக்கடைதான், எங்களுக்கு நிதியும் கிடைத்தது, கான்கிரீட்டில் கட்டியும் கொடுத்தார்கள். அடுத்த மழைக்குப் புதுச் சாக்கடையும் நிரம்பி நின்றது, தெருவும் நிரம்பி நின்றது. அதனால் உங்களுக்கு நிதி கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் தெருத் தண்ணீர் முன்பெல்லாம் எங்கே போய் விழுந்தது?

நம் பக்கத்து ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கட்டாயம் ஒரு பதில் இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கி அழித்ததால்தான் நகரத்தார் மேட்டு நிலம் தேடி இங்கே வந்தார்கள் என்றும், அந்தப் பயத்தில்தான் வீடுகளை இவ்வளவு உயரத்தில் எழுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். அது எப்படியோ, ஊரைக் கட்டியவர்கள் மழையைக் கணக்கில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தில் இறங்கும், வேண்டிய தண்ணீரைக் கிடாரத்திலும் அண்டாவிலும் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் முற்றத்து மூலை ஓட்டை வழியாகத் தரைக்கடியில் ஓடித் தெருவுக்கு வரும், தெரு அதை வரத்துக்காலில், அதாவது தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் சேர்க்கும், வரத்துக்கால் ஊர்ப் பொதுக் குளமான ஊருணியில் கொண்டுபோய் விடும், ஊருணி நிரம்பினால் மிச்சம் வழிந்தோடும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஏதோ ஓர் இடத்தில் கண்ணி அறுந்திருக்கிறது, அதனால்தான் தண்ணீர் உங்கள் வாசலில் நிற்கிறது. அந்த இடம் தெரியாமல் சாக்கடை கட்டினால், போக வழியில்லாத ஒரு நீளத் தொட்டி கட்டியதாகத்தான் ஆகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

எங்களுக்கு வழி சொன்னது தெருவில் எண்பது வயது தாண்டிய ஓர் ஆச்சி. புதுச் சாக்கடையும் தோற்ற வருடம் நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, "எங்க கல்யாணத்தன்னிக்கு இதைவிடப் பெரிய மழை. பந்தி முடியறதுக்குள்ள தெரு காஞ்சுபோச்சு. அந்தா, அந்தக் கீழ மூலையில ஒரு கால் ஓடும்ல, அதுல போயி ஊருணியில விழுந்துரும். அதைத் தூத்துட்டு இப்ப தண்ணி நிக்கிதுங்குறீக" என்றார். அவர் கை காட்டிய இடத்தில் அன்றைக்கு ஒரு காம்பவுண்டுச் சுவரும் குப்பை மேடும்தான் இருந்தன. உங்கள் தெருவிலும் ஓர் ஆச்சியோ ஐயாவோ இருப்பார்கள். பொறியாளரைத் தேடுவதற்கு முன்னால் அவர்களிடம் போய் உட்காருங்கள், இன்றைக்கே போங்கள்.

அப்புறம் இரண்டு வேலை. ஒன்று, அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு நடப்பது. மழை தொடங்கிய முதல் இருபது நிமிடம்தான் முக்கியம், எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்கிச் சுழல்கிறது, எங்கே திரும்பி வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தெரு நிரம்பிவிட்டால் எல்லாம் ஒரே குளமாகி ஒன்றும் புரியாது. மின்கம்பங்களை விட்டு விலகியே நடங்கள். ஆங்காங்கே நின்று போனில் வீடியோ எடுத்தால் பிறகு அதிகாரிகளிடம் பேசும்போது மனுவைவிட அதுதான் உதவும்.

இன்னொன்று மட்டம் பார்ப்பது. இதற்குக் கருவியெல்லாம் வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க இன்னொருவர் மறு முனையோடு நகர்ந்து, கம்பத்துக்குக் கம்பம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆனது. பார்த்தால், தெரு நடுவைவிட, ரோட்டுக்கடியில் தண்ணீர் வெளியேற வேண்டிய குழாய்ப் பாலத்தின் வாய் ஒன்றேகால் அடி மேலே இருக்கிறது! தண்ணீர் எப்படி ஏறிப் போகும்? புதுச் சாக்கடைக்கும் வாட்டம் (சரிவு) பாதி தூரம் வரை ஒழுங்காக இருந்து, பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சின்னச் சாக்கடைக்கு இருநூறு அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம் கிடைத்தால் மண்ணும் தங்காது, தண்ணீரும் ஓடும் என்று கட்டட வேலை செய்யும் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை, கிடைத்த இறக்கத்தைத் தொடர்ச்சியாக வைத்ததே போதுமானதாக இருந்தது.

எவ்வளவு தண்ணீர் என்பதையும் ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர், இவ்வளவுதான் கணக்கு. எங்கள் தெரு 180 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வீடு 22, வீட்டுக்குச் சராசரி 400 சதுர மீட்டர். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை, பின்கட்டுத் தண்ணீர் பின்தெருவுக்குப் போய்விடும் என்று பாதியைக் கழித்துவிட்டேன். அப்படியும் 5 சென்டிமீட்டர் மழைக்கு இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் இருபத்திரண்டு லாரிக்கு மேல். தெருவும் வாசலும் சிமெண்டும் பேவர் பிளாக்கும் ஆன பிறகு மண் குடிப்பதும் குறைவுதான். தெருமுனையில் ஒரு உறிஞ்சு குழி தோண்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக் கல் நிரப்பினால் அதில் ஒரு நேரத்தில் கிட்டத்தட்ட 600 லிட்டர்தான் நிற்கும். வீட்டுக்கு வீடு குழி வைப்பது நல்லது, நம் செம்மண்ணில் நன்றாகவே இறங்கும், மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமும்கூட. ஆனால் அது கிணற்றுக்கு ஊறத்தான் முழுதாக உதவும். தெரு வடிய வேண்டுமானால் வழி திறக்க வேண்டும்.

அந்த வழி யாருடைய நிலம் என்பதுதான் அடுத்த சிக்கல். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும், அது என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம், இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். எங்கள் படத்தில் ஆச்சி சொன்ன அதே இடத்தில் ஒரு ஒல்லியான பட்டை வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம் என்றே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு பேச்சே மாறியது. அதுவரை "சாக்கடை வேண்டும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள், "இந்தப் புல எண்ணில் இருக்கும் வாய்க்காலைச் சர்வேயரை வைத்து அளந்து காட்டுங்கள்" என்று கேட்கத் தொடங்கினோம். பேரூராட்சி செயல் அலுவலருக்கு ஒரு மனு, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்களுக்கு சர்வேயர் வர நான்கு மாதம் ஆனது, இடையில் மூன்று முறை போய் நின்றோம். சலித்துக்கொள்ளாமல் போங்கள்.

சுவர் கட்டியிருந்த குடும்பம் வெளியூரில் இருந்தது, கோவில் திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். நம் ஊர்களில் பாதி வீட்டுக்கு இதுதான் நிலைமை. நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் நாங்கள் போனில் பேசினோம், படத்தையும் மழை வீடியோவையும் அனுப்பினோம். "வாய்க்கால்னு எங்களுக்கே தெரியாதுங்க, அப்பா காலத்துல கட்டுனது" என்று சொல்லி அவர்களே சுவரைப் பின்னால் தள்ளிக் கட்டச் சம்மதித்தார்கள். எல்லோரும் இப்படிச் சம்மதிக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் சண்டையில் தொடங்கினால் கோர்ட்டில் போய்த்தான் நிற்கும், அதற்குள் எத்தனை மழைக்காலம் போய்விடும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூரில் இருந்தவர்களிடம்தான் எங்களுக்கு அதிகச் சிரமம் வந்தது. வண்டி ஏற்றச் சாக்கடைமேல் சிமெண்டில் சாய்தளம் போட்டு அடைத்தவர்கள் ஏழு வீடு. உடைக்காமல், தூக்கி எடுக்கக்கூடிய சிலாப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். வாய்க்காலை ஊருணிக்குத் திறப்பதற்கு முன்னால், எந்தெந்த வீட்டுக் கழிவுநீரும் செப்டிக் டேங்க் குழாயும் தெருச் சாக்கடையில் விழுகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு. அதை அப்படியே திறந்துவிட்டிருந்தால் தெரு காய்ந்திருக்கும், ஊருணி நாறியிருக்கும். ஆறு வீட்டில் உறிஞ்சு குழியும் சரியான தொட்டியும் வைத்து முடித்த பிறகு, மீதி மூன்றுக்குக் கெடு வைத்துத்தான் மண்வெட்டியை எடுத்தோம். இந்த ஒரு காரணத்தால் ஒரு மழைக்காலம் முழுக்கத் தள்ளிப்போனது, தெருவில் நிறையப் பேருக்கு என்மேல் கோபம். இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். ஊர்ப் பொதுவில் இருக்கும் தண்ணீரை நம் வாசல் காய்வதற்காகக் கெடுக்கக் கூடாது. மூடிய சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்கவே இறக்காதீர்கள். உயிர் போகும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றமும்கூட.

தூர் வாரும்போது கீழ்முனையிலிருந்து, அதாவது ஊருணி வாயிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். நடுவில் தொடங்கினால் அன்றைக்கு ராத்திரி மழை வந்தால் வெட்டிய பள்ளமே குட்டை ஆகிவிடும். ஊருணி நிரம்பினால் வழிந்தோட வழி இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், கலுங்கு அடைத்திருந்தால் தண்ணீர் உங்களிடமே திரும்பி வரும். பேரூராட்சியில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு 1,500 ரூபாய் போட்டு, வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாகவே அனுப்ப, ஜேசிபி இரண்டு நாள் ஓடியது. குழாய்ப் பாலத்தை இறக்கி வைத்தது பேரூராட்சி.

கடைசியாக ரோடு. ஆச்சி வீட்டு வாசலில் முன்பு ஆறு படி, இப்போது வெளியே தெரிவது மூன்றரைதான். பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன்மேல் சிமெண்ட் என்று போட்டுப் போட்டு ரோடு படியை விழுங்கிவிட்டது. பழைய வீடுகள் உயரத்தால் தப்பித்துக்கொள்கின்றன, முப்பது வருடத்துக்குள் கட்டிய வீடுகளில்தான் தண்ணீர் முதலில் ஏறுகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவுக்கு ரோடு வேலை வரும் அன்றைக்கு லீவு போட்டாவது நின்று, வீட்டுப் படி மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் காட்டிக் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடியற்காலை எழுந்து பார்த்தபோது தெரு ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. கீழ மூலையில் வாய்க்கால் செந்நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேற்குக் கோடியில் மூன்று வீட்டு வாசலில் மட்டும் இன்னும் கணுக்கால் அளவு நிற்கிறது, அங்கே ரோட்டைச் சுரண்டாமல் முடியாது, அதற்கான மனு தை மாதம் கொடுத்திருக்கிறோம். உங்கள் புலப்படத்தை எடுத்துவிட்டுக் கோடுகள் புரியவில்லை என்றால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், எங்களுக்கு விளக்கிச் சொன்ன ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.