அடைப்பு போன பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஐந்து மாதத்துக்கு முன் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் மதுரையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, கை லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது. இப்போது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். ஒரு வாரம் இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார் சொந்தக்காரர் ஒருவர். "அடைப்புதான் போயாச்சே, ரத்தம் நல்லா ஓடுதே, இன்னும் எதுக்கு?" என்று அப்பாவும் கேட்கிறார். நிறுத்தலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். தேங்கினால்தானே ரத்தம் உறையும், ஓடினால் எப்படி உறையும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மாரடைப்பு வந்த ரத்தக்குழாயில், அடைப்பை எடுத்து ரத்தத்தைத் திரும்ப ஓடவிடும் வேலையே உறைதலைத் தூண்டிவிடுகிறது.

அந்தக் குழாயின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். அதன் உட்சுவரில் பல வருடமாகச் சேர்ந்த கொழுப்புப் படிவு ஒருநாள் வெடிக்கிறது. உடம்புக்கு அது ஒரு காயம், அரிவாள்மனையில் விரல் பட்டது மாதிரி. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னும், அதுதான் கட்டி. ஊசி கரைப்பது இந்த நார் வலையை மட்டும்தான். தட்டணுக்கள் அங்கேயே இருக்கும், வெடிப்பும் அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, வலைக்குள் சிக்கிக் கிடந்த த்ராம்பின் என்ற உறையவைக்கும் பொருள், வலை கரையக் கரைய வெளியே வந்து இன்னும் வேலை செய்யும். தட்டணுக்களை உசுப்பிவிடுவதில் அதற்கு மிஞ்சியது இல்லை. ஒரு பக்கம் கட்டி கரைகிறது, மறுபக்கம் புதுக் கட்டிக்கு ஆயத்தம் நடக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டியைக் கரைக்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் தூள் குப்பியை நுரை வராமல் மெல்ல உருட்டிக் கரைத்து, ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏற்றுவோம். வலி குறையும், ஈசிஜியில் தூக்கி நின்ற கோடு இறங்கும், வெளியே நிற்கிற மகனிடம் நல்லபடியாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருவேன். சிலருக்குச் சில மணி நேரத்தில் அதே கோடு திரும்ப ஏறும், குழாய் மறுபடி அடைத்திருக்கும். அதனால்தான் கரைக்கிற ஊசியோடு, தட்டணுக்களை முடக்கும் ஆஸ்பிரினும் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுத்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்புகிறோம்.

1988-ல் வெளியான ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் பெற்றவர்களில் உயிரிழப்பு குறைந்தது, ஆனால் மறுபடி மாரடைப்பு வருவது கூடியது. ஆஸ்பிரினும் சேர்த்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து இல்லாமல் போனது. இரண்டுமே பெறாதவர்களில் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 13.2 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். காசுக்கணக்கில் விற்கும் ஒரு மாத்திரை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, ஸ்டென்டுக்கு வருவோம். பலூனை ஊதி அழுத்தும்போது குழாயின் உள்தோல் கிழியும், கூடவே ஸ்டென்ட் என்ற ஒரு உலோக வலையும் உள்ளே தங்கும். ரத்தத்துக்கு இரண்டுமே அந்நியம். 1986-ல் மனிதர்களுக்கு ஸ்டென்ட் வைக்கத் தொடங்கிய புதிதில் முதல் சில வாரங்களிலேயே பலருக்கு அதனுள் ரத்தம் உறைந்தது. உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வரை கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தக்கசிவுதான் அதிகமானது. குளோபிடோக்ரெலுக்கு அண்ணன் முறையான டிக்லோபிடினை ஆஸ்பிரினோடு சேர்த்த பிறகுதான், 1990-களின் நடுவில், நிலைமை மாறியது. இப்போது வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டில் கம்பிகளின் மேல் புதுத்தோல் மூட இன்னும் தாமதமாகும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஒரு வருடம் இரட்டை மாத்திரை என்று சொல்வது இதற்காகத்தான். அப்பாவுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது.

இந்த இரண்டு மாத்திரைகளும் ஒரு தட்டணுவை முடக்கினால் அதன் ஆயுள் முழுக்க முடக்கிவிடும். ஆயுளே ஏழு முதல் பத்து நாள்தான். ஆகவே ஒரு வேளை மாத்திரையை மறந்தால் பதற வேண்டாம், நினைவு வந்ததும் வழக்கமான அளவைத் தொடரட்டும். ஒரு வாரம் நிறுத்தினால் அது வேறு. பெரும்பாலும் புதுத் தட்டணுக்கள் வந்திருக்கும், கம்பியோ இன்னும் முழுசாக மூடாமல் இருக்கலாம். குளோபிடோக்ரெலுக்குப் பதில் டிகாக்ரெலார் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வேளை தவறவே கூடாது, அதன் பிடி சீக்கிரம் விட்டுவிடும்.

பல்லுக்கு: ஒரு பல்லை எடுக்க இந்த மாத்திரைகளைப் பொதுவாக நிறுத்துவதில்லை. பஞ்சை அழுத்திக் கடித்தால், தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நிற்கும், சாதாரணமாக ஆவதைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். காலையில் எடுத்துக்கொள்ளுங்கள், பகலில் கவனிக்க வசதி. பல் டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, முன்கூட்டியே உங்கள் இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈறுக்கசிவும் தோல் கன்றுவதும் இந்த மாத்திரைகளில் சகஜம், மிருதுவான பிரஷ் வாங்கிக் கொடுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ மட்டும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.