குச்சிக்கிழங்கா, மரவள்ளியா? பொருள் தலைப்பு பற்றிக் கேள்வி பதில்

சேலத்தில் நூற்பட்டியல் வேலையிலேயே முப்பது வருடம் இருந்தவன் நான். குழுவில் வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

பகுப்பு எண் இருக்கும்போது பொருள் தலைப்பு தனியாக எதற்கு, ஐயா?

பகுப்பு எண் நூல் நிற்கும் இடத்தைச் சொல்லும்; பொருள் தலைப்பு நூல் எதைப் பற்றியது என்பதைப் பட்டியலில் சொல்லால் சொல்லும். ஒரு பிரதி ஒரு தட்டில்தான் நிற்க முடியும். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்திலேயே மிளகுக் கொடியும் ஏறுகிறது. இரண்டையும் பற்றிய நூலை, டியூயி என்ற பகுப்பு முறையில் காப்பிக்கு உரிய 633.73-இல் வைத்தால், மிளகு தேடி வருபவர் அந்தப் பக்கமே போகமாட்டார். பொருள் தலைப்பு இரண்டு போடலாம், மூன்றும் போடலாம்.

நூலக அறிவியல் படிக்கிறேன். சங்கிலி முறை தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

ஏறும் தம்பி. பகுப்பு எண்ணைச் சங்கிலிக் கண்ணிகள்போல் படிப்படியாகப் பிரித்து அட்டவணைப் பதிவு எழுதும் முறை இது; இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1938-இல் எழுதிய நூலில் விளக்கியது. டியூயி எண் 633.73-ஐயே எடுத்துக்கொள். 630 வேளாண்மை, 633 வயல் பயிர்கள், 633.7 ஆல்கலாய்டு பயிர்கள், 633.73 காப்பி. இப்போது கடைசிக் கண்ணியிலிருந்து மேலே ஏறு. 'காப்பி: வேளாண்மை 633.73' முதல் பதிவு. அடுத்து ஆல்கலாய்டு பயிர்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு எந்த வாசகரும் வரமாட்டார், அதனால் அது தேடப்படாத கண்ணி, விட்டுவிடு. பிறகு 'வயல் பயிர்கள்: வேளாண்மை 633', கடைசியாக 'வேளாண்மை 630'.

இதன் அருமை எங்கே தெரியும் என்றால், காப்பித்தூள் தயாரிப்பு பற்றிய நூல் 663.93-இல், வேறு அலமாரியில் இருக்கும். அதற்கும் 'காப்பி: உற்பத்தித் தொழில் 663.93' என்று பதிவு போடுவாய். தட்டில் பிரிந்துபோன இரண்டும் அட்டவணையில் 'காப்பி' என்ற சொல்லுக்குக் கீழே அடுத்தடுத்து வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: நூலின் மேலட்டையைப் பார்த்துத் தலைப்புப் போடாதே. முன்னுரையையும் பொருளடக்கத்தையும் படி.

கணினியில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் தேடித் தருகிறதே?

'வெள்ளி' என்று தட்டிப் பாருங்கள். கொலுசுப் பட்டறையும் வரும், வெள்ளிக்கிழமை விரதமும் வரும், வானத்துக் கோளும் வரும். வெள்ளி (உலோகம்), வெள்ளி (கோள்) என்று பிரித்து வைக்க நூலைப் படித்த ஒருவர் வேண்டும். முழு உரைத் தேடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலில் இருக்கும் சொல்லைத்தான் அது பிடிக்கும். வாசகர் வேறு சொல்லோடு வந்தால் கைவிட்டுவிடும்.

ஆத்தூரிலிருந்து: எங்கள் கிளை நூலகத்தில் 'குச்சிக்கிழங்கு' என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லை.

என்னை இன்றைக்கும் உறுத்தும் விஷயம் இது. நூல் விவரங்களை அட்டைகளில் எழுதி இழுப்பறைகளில் அடுக்கி வைத்த காலம். குச்சிக்கிழங்குப் பயிரின் தேமல் நோய்க்கு வழி தேடி ஒரு விவசாயி வந்தார். 'கு' இழுப்பறையைத் திறந்து, ஈர விரலால் ஒவ்வொரு அட்டையாகத் தள்ளிப் பார்த்தார். குதிரை இருந்தது, குடிசைத் தொழில் இருந்தது. இல்லை போலிருக்கிறது என்று சொல்லிப் பெட்டியை மெதுவாக மூடிவிட்டுப் போனார். அவருக்கு வேண்டிய நூல் இரண்டு அலமாரி தள்ளி இருந்தது. நாங்கள் 'மரவள்ளி' என்று மட்டும் எழுதியிருந்தோம். 'குச்சிக்கிழங்கு: மரவள்ளி பார்க்க' என்று ஒரே ஓர் அட்டை இருந்திருந்தால் போதும்.

மரவள்ளிதான் பாடநூல் தமிழ். வட்டார வழக்கையெல்லாம் அட்டவணையில் ஏற்றலாமா?

ஏற்றத்தான் வேண்டும்! ஆத்தூர்ப் பக்கம் கிழங்கு லாரி ஓட்டுபவரும் ஆலைக்காரரும் சொல்லும் சொல் அது. பொதுமக்கள் பழகிய சொல்லை மதிக்கச் சொல்லி 1876-லேயே அமெரிக்க நூலகர் கட்டர் விதி எழுதிவிட்டார்.

நாகர்கோவில்காரன் நான். எங்களுக்கு அது மரச்சீனி. ஊருக்கு ஒரு தலைப்பு வைப்பீர்களா?

தலைப்பு ஒன்றுதான், வழிகாட்டிகள்தான் பல. மாநிலத்துக்கே பொதுவான பட்டியல் என்றால் மரவள்ளியை வைத்துக்கொண்டு குச்சிக்கிழங்கு, மரச்சீனி, கப்பை மூன்றையும் அங்கே அனுப்புவேன். ஆத்தூர்க் கிளைக்கு மட்டும் என்றால் குச்சிக்கிழங்கையே தலைப்பாக வைத்து மற்றவற்றை அதற்கு அனுப்புவேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் மேனியாக் என்று தேடுபவரைக் கசாவாவுக்குத்தான் அனுப்புகிறது.

பாடநூல்காரர் மீண்டும்: அப்படியானால் தரப்படுத்தல் என்பதற்கு என்ன பொருள்?

ஒரே பொருள் பற்றிய நூல்கள் ஒரே தலைப்பின் கீழ் சேர வேண்டும் என்பதே தரப்படுத்தல். வாசகர் வாயை அடைப்பது அல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அப்போ ஜவ்வரிசியையும் மரவள்ளிக்கே அனுப்பலாமா?

கூடாது. மரவள்ளி பயிர், ஜவ்வரிசி அதிலிருந்து வரும் பண்டம். இரண்டையும் தனித் தலைப்பாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் காட்டும் 'மேலும் பார்க்க' போடுங்கள். அதோடு, தென்கிழக்காசியத் தீவுகளில் சேகோப் பனையின் தண்டு மாவிலிருந்தும் ஜவ்வரிசி செய்கிறார்கள். எது என்று பொருளடக்கம் சொல்லும், மேலட்டை சொல்லாது.

பகுப்பு எண் போதாதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பகுப்பு எண்ணுக்கும் பொருள் தலைப்புக்கும் என்ன வேறுபாடு?

அதே கேள்வி, அதே பதில். மேலே இருக்கிறது.

நூலகர் தேர்வுக்கு எந்த கைடு வாங்கலாம்?

அது என் துறை இல்லை. அண்மையில் எழுதியவர்களைக் கேளுங்கள்.

பள்ளி நூலகம், இரண்டாயிரம் புத்தகம், நான் ஒருத்திதான். எங்கே தொடங்குவது?

நல்ல கேள்வி அம்மா. முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளைகள் வந்து கேட்கும் சொல்லை அப்படியே எழுதுங்கள்: 'டைனோசர்', 'பேய்க்கதை', 'செடி வளர்க்கிறது'. எதிரே நீங்கள் எடுத்துக் கொடுத்த நூலின் பெயர். ஒரு மாதம் கழித்து அந்தச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒன்றையே குறிப்பவற்றுக்குப் பொதுத் தலைப்பு ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றுக்கு 'பார்க்க' எழுதுங்கள். பிறகு புத்தகங்களுக்கு வாருங்கள், நாளுக்குப் பத்து போதும். ஒவ்வொன்றிலும் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.